அட்டவணையில் தோற்ற கைப்பேசி

2007 ஜூன் மாதக் கடைசி. ஐபோன் இன்னும் கடைக்கு வரவில்லை. அமெரிக்காவின் நான்கு பெரிய இதழ்களைச் சேர்ந்த தொழில்நுட்ப எழுத்தாளர்களிடம் மட்டும் ஆப்பிள் அதை முன்கூட்டியே கொடுத்திருந்தது. அவர்களில் ஒருவர் நியூயார்க் டைம்ஸின் டேவிட் போக். வைஃபை இல்லாமல், செல்போன் சிக்னலை மட்டும் நம்பி இணையப் பக்கங்களைத் திறந்து நேரம் பார்த்தார். அவருடைய பத்திரிகையின் முகப்புப் பக்கம் வர 55 விநாடி. அமேசானுக்கு 100 விநாடி. யாகூவுக்கு முழுசாக இரண்டு நிமிடம்.

இப்படித் தவழ்ந்து வரும் கருவிக்கு விலை 599 டாலர். அதோடு ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்துடன் இரண்டு வருட ஒப்பந்தம் வேறு. மற்ற எந்தப் போனாக இருந்தாலும் விமர்சனம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் போக் உட்பட நால்வருமே குறைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, மொத்தத்தில் மெச்சித்தான் எழுதினார்கள். எல்லோரும் பயந்துகொண்டிருந்த கண்ணாடி விசைப்பலகை, சில நாள் பழகியதும் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை என்றார் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் வால்ட் மாஸ்பெர்க்.

அவ்வளவு குறையும் இவ்வளவு பாராட்டும் ஒரே தாளில் எப்படிச் சேர்ந்தன? தொடக்கத் தொடுதிரைக் கைப்பேசிகளை மதிப்பிட உட்காரும் யாருக்கும் முதலில் எழுகிற கேள்வி இது. வடிவமைப்பு, வசதிகள், செயல்திறன் என்று மூன்று தலைப்பில் மதிப்பெண் போடுவது அன்றைய விமர்சகர்களின் வழக்கம். அந்த மூன்று தலைப்பும் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்குள் எதை அளந்தார்கள், எதை அளக்காமல் விட்டார்கள் என்று பார்த்தால், பதினைந்து வருடச் சரித்திரம் வேறு மாதிரி தெரிகிறது.

விரலுக்கு முன் குச்சி

தொடுதிரை ஆப்பிள் கண்டுபிடித்ததல்ல. விரலால் தொட்டால் உணரும் திரையைப் பற்றி 1965-லேயே பிரிட்டனின் மால்வர்ன் நகரில் ராடார் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இ. ஏ. ஜான்சன் கட்டுரை எழுதிவிட்டார். 1970களில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில், துகள்முடுக்கியைக் கட்டுப்படுத்தும் அறைக்காக ஃபிராங்க் பெக்கும் பென்ட் ஸ்டம்பும் அப்படியொரு திரையைச் செய்து நிறுவினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் சாமுவேல் ஹர்ஸ்ட் வேறொரு வழியில், அழுத்தினால் வேலை செய்யும் திரையை உருவாக்கினார்.

இதைப் போனுக்குள் கொண்டுவந்தது ஐபிஎம். 1992 நவம்பரில் கண்காட்சியில் மாதிரி காட்டி, 1994 ஆகஸ்ட்டில் பெல்சவுத் நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது சைமன். எடை அரை கிலோவுக்குச் சற்று மேல். நீளம் 20 செ.மீ., தடிமன் கிட்டத்தட்ட 4 செ.மீ. ஒரு செங்கல்லைக் காதில் வைத்துப் பேசுவதுபோல இருந்திருக்கும். ஆனால் உள்ளே நாட்காட்டி, முகவரிப் புத்தகம், மின்னஞ்சல், உலகக் கடிகாரம் எல்லாம் இருந்தன. ஃபேக்ஸ்கூட அனுப்பலாம், பெறலாம். அடுத்து வரக்கூடிய எழுத்துகளை ஊகித்துக் காட்டும் விசைப்பலகையும் அதில் இருந்தது.

ஒப்பந்தத்தோடு 899 டாலர். பேசிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். ஆறு மாதத்தில் சுமார் 50,000 விற்றது. 1995 பிப்ரவரியோடு விற்பனை நின்றது. வசதிப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் சைமன் காலத்துக்கு முந்திப் பிறந்த மேதை. கையில் எடுத்துப் பார்த்தவருக்கோ அது மதியத்துக்குள் தூங்கிவிடும் செங்கல். பட்டியலுக்கும் கைக்கும் இருந்த இந்த இடைவெளி அப்போதே தொடங்கிவிட்டது.

அடுத்த பத்து வருடம் குச்சியின் காலம். பாம், பாக்கெட் பிசி, சோனி எரிக்சனின் பி800 என்று வந்தவை எல்லாம் ஸ்டைலஸ் குச்சியை நம்பியவை. அதற்குக் காரணம் திரையின் அமைப்பு. ரெசிஸ்டிவ் என்று கடைக்காரர்களும் சொல்லும் அந்த வகையில், மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று மேலே இருக்கும். நூலிழை இடைவெளி விட்டு இன்னொரு அடுக்கு கீழே இருக்கும். அழுத்தினால் இரண்டும் ஒட்டும். ஒட்டிய இடத்தைக் கருவி கணக்கிடும். பேனா மூடி, நகம், கையுறை எதுவானாலும் சரி, அழுத்தினால் போதும். விலையும் குறைவு. ஆனால் மேலே பிளாஸ்டிக் என்பதால் கீறல் விழும், படத்தின் பளிச்சென்ற தன்மை மங்கும், ஒரு சமயத்தில் ஒரு புள்ளியைத்தான் உணரும்.

கெப்பாசிட்டிவ் வகை அதற்கு நேர்மாறு. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பின்னல். விரல் பக்கத்தில் வந்தாலே அங்குள்ள மின்னூட்டம் மாறும். அழுத்தவே வேண்டாம், வருடினால் போதும். இரண்டு மூன்று விரல்களைத் தனித்தனியாக அறியும். கையுறை போட்டால் மட்டும் செத்துக் கிடக்கும்.

கெப்பாசிட்டிவ் திரையோடு முதலில் அறிவிக்கப்பட்ட போன் ஐபோன் அல்ல, எல்ஜி பிராடா. 2006 டிசம்பரிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. மூன்று அங்குலத் திரை, கறுப்பு நிறம், இத்தாலிய ஃபேஷன் நிறுவனத்தின் பெயர். ஒன்றரை வருடத்தில் பத்து லட்சம் விற்றது. பார்வைக்கு ஐபோனின் அண்ணன் மாதிரி இருக்கும். உள்ளே இருந்ததோ சாதாரண போனின் மென்பொருள்தான். பழைய பட்டன்களைத் திரையில் படமாக வரைந்து வைத்ததோடு அதன் புதுமை நின்றுவிட்டது.

திரையைத் தள்ளிப் பூட்டைத் திறப்பதும் ஆப்பிளின் தனிச்சொத்தல்ல. சுவீடனின் நியோநோட் நிறுவனம் தன் சிறு போனில் அதை முன்பே வைத்திருந்தது. ஆப்பிள் பெற்ற காப்புரிமை செல்லாது என்று 2015-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்தப் பழைய போன்தான் சாட்சியாக நின்றது.

வடிவமைப்பு: பட்டனைக் கழற்றிய துணிச்சல்

2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டியது முழுமையான பொருளே அல்ல. அது அடிக்கடி முடங்கியது. நினைவகம் தீர்ந்துவிடும் என்பதால் மேடையில் பல கருவிகளை வைத்து மாற்றி மாற்றி எடுத்தார்கள். எந்த வரிசையில் காட்டினால் விழாது என்று ஒத்திகை பார்த்து அந்தப் பாதையிலேயே போனார் ஜாப்ஸ். அதில் பணியாற்றிய பொறியாளர்களே இவற்றைப் பின்னாளில் பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள்.

கடைக்கு வந்த பொருள் 11.6 மி.மீ. தடிமன், 135 கிராம். முகப்பில் மூன்றரை அங்குலத் திரை, அதன் கீழே ஒரே ஒரு பட்டன். அன்றைய பிளாக்பெர்ரியில் முப்பதுக்கும் மேற்பட்ட விசைகள் இருந்தன. மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் ஒரு பேட்டியில் சிரித்தே விட்டார். கீபோர்ட் இல்லாததால் தொழில் செய்கிறவர்களுக்கு இது ஒத்துவராது, விலையும் மிக அதிகம் என்பது அவர் கணிப்பு. விலையைப் பொறுத்தவரை அவர் சொன்னது தவறில்லை. விற்பனை தொடங்கி 68-ஆம் நாள் ஆப்பிளே 200 டாலர் குறைத்தது. முதல் ஆளாக வரிசையில் நின்று வாங்கியவர்கள் கொதித்ததும், ஜாப்ஸ் மறுநாளே வருத்தம் தெரிவித்து ஆளுக்கு 100 டாலரை ஆப்பிள் கடையில் கழித்துக்கொள்ளும் தொகையாகக் கொடுக்க வேண்டி வந்தது.

ஜனவரியில் காட்டிய மாதிரியில் திரையின் மேல்பகுதி பிளாஸ்டிக். சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ சாவிக்கொத்தோடு போட்டால் கீறல் விழும் என்பது ஜாப்ஸுக்கே தெரியவந்தது. கார்னிங் நிறுவனம் 1960களில் உருவாக்கி, வாங்க ஆளில்லாமல் ஓரம் கட்டிவைத்திருந்த வலுவூட்டிய கண்ணாடித் தொழில்நுட்பத்தைத் தூசி தட்டி எடுத்து, கென்டக்கியின் ஹாராட்ஸ்பர்க் ஆலையில் சில மாதங்களில் தயாரிக்க வைத்தார்கள். இன்று பல போன் பெட்டிகளில் பார்க்கும் கொரில்லா கிளாஸ் என்ற பெயரின் தொடக்கம் இது.

விசைப்பலகையில்தான் வடிவமைப்பின் கைத்திறன் நெருக்கத்தில் தெரியும். கட்டைவிரல் நுனி, திரையில் வரைந்த ஒரு எழுத்தைவிடப் பெரியது. அது இரண்டு மூன்று எழுத்துகளின்மீது விழும். இதற்கு ஆப்பிளின் பொறியாளர்கள் செய்த உபாயம் கண்ணுக்குத் தெரியாதது. ஆங்கிலத்தில் டி, ஐ, எம் என்று அடித்தால் அடுத்து ஈ வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்று மென்பொருளுக்குத் தெரியும். உடனே ஈ என்ற எழுத்துக்குரிய தொடுபரப்பு உள்ளுக்குள் பெரிதாகும். பக்கத்தில் உள்ள டபிள்யூ, ஆர் இரண்டின் பரப்பும் சுருங்கும். திரையில் வரைந்த படம் மட்டும் மாறாது. விரல் சற்றே விலகி விழுந்தாலும் சரியான எழுத்து வரும். அடித்தவர் தன் குறி தப்பவில்லை என்று நினைத்துக்கொள்வார். சைமன் ஊகித்ததைக் கண்ணுக்குக் காட்டியது. ஐபோன் ஊகித்ததை மறைத்தது.

இதே கைகள் அசட்டுத் தவறுகளும் செய்தன. ஹெட்போன் துளையை உள்ளே குழிவாக வைத்ததால், சந்தையிலிருந்த பல ஹெட்போன்களின் முனை உள்ளே போகவில்லை. தனியாக ஓர் இணைப்பான் வாங்கித்தான் பாட்டுக் கேட்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற முடியாது, உள்ளே பற்றவைத்திருந்தார்கள். மாற்ற வேண்டுமென்றால் போனையே அனுப்பிவைத்து 79 டாலர் கட்ட வேண்டும். பின்பக்க மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியைத் தட்டி மாட்டிப் பழகிய உலகத்துக்கு இது புது வழக்கம்.

வசதிகள்: இல்லாதவற்றின் நீண்ட வரிசை

2007 மார்ச்சில் நோக்கியா என்95 வந்திருந்தது. இரண்டையும் ஒரு அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐபோன் தலைகுனிந்து நிற்கும். என்95-இல் 5 மெகாபிக்சல் கேமரா, வீடியோ பதிவு, ஜிபிஎஸ், 3.5ஜி இணையம், மெமரி கார்டு. ஐபோனில் 2 மெகாபிக்சல் கேமரா. ஃபிளாஷ் இல்லை, வீடியோ இல்லை, ஜிபிஎஸ் இல்லை, 3ஜி இல்லை, கார்டு போட இடமில்லை. படம் சேர்த்து எம்எம்எஸ் அனுப்ப முடியாது. ஒரு வரியை வெட்டி இன்னொரு இடத்தில் ஒட்டக்கூட வழியில்லை. அந்த எளிய வசதி வர 2009 ஜூன் ஆனது.

வெளியார் செயலிகளும் கிடையாது. எழுத விரும்பும் நிரலாளர்கள் இணையப் பக்கமாகவே எழுதிக்கொள்ளலாம் என்று ஜூன் மாதம் சொன்ன ஆப்பிள், அக்டோபரில் மனம் மாறியது. 2008 ஜூலை 10 அன்று 500 செயலிகளோடு ஆப் ஸ்டோர் திறந்தது. முதல் வார இறுதியிலேயே ஒரு கோடி தரவிறக்கங்கள்.

மதிப்பீட்டில் தடுக்கி விழவைக்கும் இடம் இது. 2007 ஜூன் மாதத்தில் விமர்சகர்கள் கையில் வைத்திருந்த பொருளும், பதின்மூன்று மாதம் கழித்து அதே உடலில் ஓடிய பொருளும் ஒன்றல்ல. வாங்கிய பிறகு மாறாத பொருளாகத்தான் அதுவரை போனை மதிப்பிட்டார்கள். மிக்சி வாங்கினால் மிக்சி. நாளை அது கிரைண்டர் ஆகாது. தொடுதிரையில் பட்டன்கள் எல்லாம் படங்களே என்பதால், மென்பொருள் மாறினால் போனே மாறும். ஜாப்ஸ் இந்தக் காரணத்தை முதல் நாள் மேடையிலேயே சொன்னார். விமர்சன அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

எதிர்த் திசையில் போனது 2008 அக்டோபரில் அமெரிக்காவில் வந்த டி-மொபைல் ஜி1. எச்டிசி தயாரித்த முதல் ஆண்ட்ராய்டு போன் அது. தொடுதிரையும் உண்டு, தள்ளினால் வெளியே வரும் கீபோர்டும் உண்டு, போதாதென்று கட்டைவிரலால் உருட்ட ஒரு குண்டும் உண்டு. எதையும் விட மனமில்லாத வடிவமைப்பு. எடை 158 கிராம். திரையில் எழுத்து அடிக்கும் வசதி தொடக்கத்தில் இல்லவே இல்லை. ஒரே ஒரு சொல் அடிக்கவும் போனைத் திருப்பிப் பிடித்து மூடியைத் தள்ள வேண்டும். அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பில்தான் அது சேர்ந்தது. ஆனால் மேலிருந்து திரைச்சீலைபோல இழுத்துப் பார்க்கும் அறிவிப்புப் பட்டியல் ஜி1-இல் முதல் நாளிலேயே இருந்தது. ஆப்பிள் அதைத் தன் போனில் வைக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செயல்திறன்: கடிகாரமும் கண்ணும்

இனி வேகம். ஐபோனின் செயலகம் 412 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. நினைவகம் 128 எம்பி. ஜி1-க்கு 528 மெகாஹெர்ட்ஸ், 192 எம்பி. 2008 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக்கு 434 மெகாஹெர்ட்ஸ், 128 எம்பி. செயலக வேகத்தில் ஐபோன்தான் கடைசி. ஆனால் கையில் எடுத்தவர்கள் பலரும் அதைத்தான் வேகமானது என்றார்கள்.

காரணத்தைப் பார்க்க, முதல் ஐபோனில் ஒரு நீளமான இணையப் பக்கத்தைத் திறந்து, விரலால் வேகமாக மேலே தள்ளினால் போதும். பக்கம் விரலோடு ஒட்டியபடியே ஓடும். படம் வரைந்து முடியாத இடத்துக்கு வந்துவிட்டால், அங்கே வெள்ளையும் சாம்பலுமாகச் சதுரங்கப் பலகைபோல ஒரு கட்டம் தெரியும். இரண்டு விநாடி கழித்து எழுத்துகள் வந்து நிரம்பும். அன்றைய மற்ற கருவிகள் வேலை முடியும் வரை அசையாமல் நின்று, பிறகு ஒரே குதியாகக் குதிக்கும். ஆப்பிள் எடுத்த முடிவு: உள்ளடக்கம் தாமதமாகலாம், விரலுக்குக் கிடைக்கும் பதில் தாமதமாகக் கூடாது. பட்டியலின் அடியைத் தொட்டதும் ரப்பர்போல இழுபட்டுத் திரும்பும் அந்த அசைவும் இதே சிந்தனைதான். போன் முடங்கிவிடவில்லை, பட்டியல்தான் முடிந்துவிட்டது என்று அது விரலுக்குச் சொல்லிவிடும்.

நோக்கியா 5800-இல் இதே சோதனை வேறு கதை சொல்லும். வசதிகளில் அது ஐபோனைத் தூக்கிச் சாப்பிட்டது. 3.2 அங்குலத் திரையில் 640×360 புள்ளிகள். 3ஜி, வைஃபை, ஜிபிஎஸ். கார்ல் சைஸ் வில்லையோடு 3.2 மெகாபிக்சல் கேமரா, இரட்டை விளக்கு, முன்பக்கம் இன்னொரு கேமரா. பெட்டியிலேயே 8 ஜிபி கார்டு. இத்தனைக்கும் 109 கிராம்தான். விலை வரி நீங்கலாக 279 யூரோ. ஸ்டைலஸ் குச்சி போதாதென்று, கிதார் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் முக்கோண வில்லை மாதிரி ஒன்றையும் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். திரை ரெசிஸ்டிவ் என்பதால் அதையும் வைத்து அழுத்தலாம்.

ஆனால் உள்ளே ஓடியது பட்டன் போனுக்காக எழுதிய சிம்பியன் இயங்குதளப் பதிப்பு. மேல்பூச்சாகத் தொடுதிரை. முகப்புப் படத்தை ஒரு முறை தொட்டால் திறக்கும். பட்டியலில் உள்ள பெயரை ஒரு முறை தொட்டால் நிறம் மாறும், இரண்டாம் முறை தொட்டால்தான் திறக்கும். எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்பதைப் பயனர் மனப்பாடம் செய்ய வேண்டும். பட்டியலை நகர்த்த ஓரத்தில் உள்ள மெல்லிய பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். பட்டன் போனில் முதல் அழுத்தம் தேர்ந்தெடுக்கவும் இரண்டாவது திறக்கவும் தேவைப்பட்டது; அந்தப் பழக்கத்தை அப்படியே கண்ணாடிக்கு மாற்றிவிட்டார்கள். இத்தனை இருந்தும் 5800 நன்றாகவே விற்றது. மலிவு விலையில் தொடுதிரை என்பதே அன்று போதுமானதாக இருந்தது.

பிளாக்பெர்ரி ஸ்டார்மின் விபத்து இன்னும் சுவாரசியமானது. 2008 நவம்பரில் வந்த அந்தப் போனில் திரை முழுவதுமே ஒரு பட்டன். எழுத்தைத் தொட்டுவிட்டு, திரையையே அழுத்திக் 'கிளிக்' என்று ஓசை வரவைக்க வேண்டும். பட்டனின் உணர்வைக் கண்ணாடியில் கொடுக்க நினைத்த யோசனை தாளில் நல்ல யோசனைதான். இரண்டு கட்டைவிரலாலும் வேகமாக அடிப்பவருக்கு அது கைவிலங்கு. முதல் விரல் எழும் வரை அடுத்த விரலால் அழுத்த முடியாது. வைஃபையும் இல்லை. ஐபோனைப் பாராட்டிய அதே டேவிட் போக் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். வாங்கியவர்களில் பலர் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு நடந்தார்கள்.

இந்தியாவுக்கு வந்த கதை

முதல் ஐபோன் இந்தியாவில் முறையாக விற்பனைக்கே வரவில்லை. நெட்வொர்க் பூட்டை உடைத்த கருவிகள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளில் வந்தன. முறையாக வந்தது அடுத்த மாதிரியான ஐபோன் 3ஜி. 2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல்லும் வோடஃபோனும் விற்கத் தொடங்கின. 8 ஜிபி 31,000 ரூபாய், 16 ஜிபி 36,100 ரூபாய். அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 199 டாலருக்குக் கிடைத்த பொருள் அது. இதில் வேடிக்கை, பெயரிலேயே இருந்த 3ஜி அன்று நாட்டில் எங்குமே இல்லை. அரசு நிறுவனமான எம்டிஎன்எல் டெல்லியில் தொடங்கியது 2008 டிசம்பரில். தனியார் நிறுவனங்கள் 2010-இல் அலைக்கற்றை ஏலம் முடிந்த பிறகே வந்தன. அதாவது நியூயார்க்கில் போக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்த அதே வேகத்தில்தான், 3ஜி என்று பொறித்த போனில் சென்னைவாசியும் காத்திருந்தார்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு சோதனை உண்டு. வெளிநாட்டு விமர்சகர்களின் அட்டவணையில் அதற்கு இடமில்லை. தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் எழுத்து தெரிகிறதா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? ஜி1-இல் கட்டம். ஆண்ட்ராய்டில் தமிழ் ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது 4.0 பதிப்பில்தான். நோக்கியா வைத்திருந்தவர்கள் ஓர் உபாயம் கண்டுபிடித்தார்கள். ஓபரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் ஒரு சொல்லை அடித்தால் மறைந்திருக்கும் அமைப்புப் பக்கம் திறக்கும்; அதில் ஒரு வரியை மாற்றினால், தமிழ் எழுத்துகளைத் தொலைவிலுள்ள சர்வரே படமாக வரைந்து அனுப்பும். கூடுதல் டேட்டா செலவாகும், ஆனால் கொம்பும் புள்ளியும் இடம் மாறாமல் வாசிக்கலாம். இந்த உத்தி நண்பருக்கு நண்பர் வாய்மொழியாகவே பரவியது.

எழுதுவதோ இன்னும் தாமதமானது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே பட்டன் போன்களில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்துவிட்டது. ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை வந்தது 2013-இல், ஐஓஎஸ் 7-உடன். அதற்குமுன் எழுத விரும்பியவர், தனிச் செயலியில் அடித்து, வெட்டி எடுத்துவந்து ஒட்ட வேண்டும். வெட்டி ஒட்டும் வசதிக்கு இரண்டு வருடம் காத்திருந்தது எவ்வளவு பெரிய குறை என்பது இந்த இடத்தில் புரியும்.

அட்டவணையில் இல்லாத கட்டங்கள்

பழைய பட்டன் போனில் 5 என்ற விசையின்மீது சிறு புடைப்பு ஒன்று இருக்கும். பார்வையற்ற ஒருவர் அதைத் தடவி மற்ற எண்களின் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்வார். வழுவழுப்பான கண்ணாடியில் அந்தப் புடைப்பு போய்விட்டது. 2007-இல் ஐபோனைப் புகழ்ந்த கட்டுரைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று பேசிச் சொல்லும் வாய்ஸ்ஓவர் வசதி 2009 ஜூனில் வந்த ஐபோன் 3ஜிஎஸ்-இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட இரண்டு வருடம் அந்தப் போன் ஒரு பகுதி மனிதர்களுக்கு வெறும் கண்ணாடித் துண்டு.

ஆயுளையும் யாரும் கேட்கவில்லை. முதல் ஐபோனுக்கான கடைசி மென்பொருள் 3.1.3 பதிப்பு, 2010 பிப்ரவரியில். மூன்று வருடம்கூட நிறையவில்லை. பேட்டரியைத் தாமே மாற்ற முடியாது, கண்ணாடி உடைந்தால் பழுதுபார்க்கச் சிரமம் என்ற நிலை அன்று ஒரு நிறுவனத்தின் பிடிவாதமாகத் தெரிந்தது. பிறகு தொழில் முழுவதன் வழக்கமாகிவிட்டது. இந்த வரியில் ஐபோன் வாங்க வேண்டிய மதிப்பெண் மிகக் குறைவு. அன்று அந்த வரியே இல்லாததால் அது தப்பியது.

அட்டவணையை நம்பியதன் விலையும் உண்டு. வசதிகளை அடுக்குவதில் அன்று நோக்கியாவை மிஞ்சுவது கடினம். 2006-இல் சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய அதன் ஆலை, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களோடு உலகச் சந்தைக்குப் போன் செய்து அனுப்பியது. 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. வரி வழக்கு, கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது என்று காரணங்கள் பல. தொடுதிரைச் சந்தையில் நோக்கியா பின்தங்கியதும் அவற்றுக்கு அடியில் கிடக்கும் காரணம்.

ஆக, மூன்று தலைப்புக்கும் தீர்ப்பு இப்படி. வசதிகளில் முதல் ஐபோன் தன் காலத்துப் போன்களில் பாதியைக்கூட எட்டவில்லை. அதைப் புரட்சி என்று சொல்லி மறைக்க வேண்டியதில்லை. வடிவமைப்பில், ஹெட்போன் துளையையும் பற்றவைத்த பேட்டரியையும் கழித்துவிட்டாலும், அதுவரை யாரும் செய்யாத அளவு விரலைப் புரிந்துகொண்டிருந்தது. செயல்திறனில் கடிகாரத்தின் முன் தோற்றது, கண்ணின் முன் வென்றது. முதல் தொடுதிரைப் போன் என்ற பெயர் சைமனுக்கும், கெப்பாசிட்டிவ் திரையை முந்திக் கொண்டுவந்த பெயர் பிராடாவுக்கும் போக வேண்டும். 5800, வசதிகளை எளியவர் எட்டும் விலைக்குக் கொண்டுவந்ததற்காக நினைக்கப்பட வேண்டியது. ஸ்டார்ம், கண்ணாடியைப் பட்டனாக நடிக்கவைத்தால் என்ன ஆகும் என்பதற்கான உதாரணம்.

2008 ஜூலையில் உற்பத்தி நிற்கும்வரை முதல் ஐபோன் சுமார் 61 லட்சம் விற்றது. விமர்சகர்கள் விற்பனைக்கு முன்பே சுட்டிக்காட்டிய அந்த மெதுவான 2ஜி இணைப்பே அதன் முடிவாகவும் ஆனது: ஏடி அண்ட் டி 2016 டிசம்பரோடு தன் 2ஜி வலையமைப்பை அணைத்தபோது, அதுவரை ஓடிக்கொண்டிருந்த சில கருவிகளும் அங்கே போனாக இருப்பதை நிறுத்திக்கொண்டன. வாங்க ஆளில்லை என்று இரண்டே மாதத்தில் கைவிடப்பட்ட 499 டாலர் 4 ஜிபி மாதிரி ஒன்று, தொழிற்சாலை உறை பிரிக்கப்படாமல், 2023 ஜூலையில் அமெரிக்க ஏலம் ஒன்றில் 1,90,372 டாலருக்குப் போனது. அன்றுவரை அதன் திரையை எந்தப் பயனரின் விரலும் தொட்டிருக்கவில்லை.